சந்தா வாங்கப் போகும் பையில் ரத்த அழுத்தக் கருவியும் இருக்கட்டும்

மரண சகாய நிதிச் சங்கத்தின் செயலவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அண்ணன் அவர்களுக்கும், செயலாளருக்கும், பொருளாளர் தம்பிக்கும், செயலவை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பதினான்கு வருசமாக நம் தாமானின், அதாவது குடியிருப்பின், மேல் நான்கு வரிசைகளில் சந்தா வசூலிப்பவள் நான். கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது. பேசத் தொடங்கினால் அழுதுவிடுவேன் என்ற பயமும் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். ஆண்டுக் கூட்டத்துக்கு முன்னால் உறுப்பினர்கள் எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் இதைத் திறந்த மடலாக வைக்கிறேன்.

நம் சங்கம் தோட்டத்தில் பிறந்தது. லயத்தில் ஒரு சாவு விழுந்தால் பெட்டி வாங்கக்கூடக் காசில்லாமல், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் துண்டை விரித்துப் பணம் சேர்த்த காலத்தில் நம் அப்பாமார் ஆரம்பித்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்களை இடித்தார்கள். நாம் இந்தக் கோல சிலாங்கூர் வட்டாரத்துச் சின்ன டவுனுக்கு, மலிவு விலை வீடுகளுக்கு வந்து சேர்ந்தோம். சங்கமும் கூடவே வந்தது. இன்றைக்கும் ஒரு வீட்டில் உயிர் போனால், பந்தல், நாற்காலி, பெட்டி, கையில் பணம் எல்லாம் பொழுது போவதற்குள் அந்த வீட்டு வாசலுக்குப் போய்விடுகிறது. இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

போன வருசம் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது என் தம்பி வீட்டுக்கும் அப்படித்தான் ஓடி வந்தீர்கள். அவனுக்கு 49 வயது. ஒரு கிடங்கில் ஜாகா, அதாவது காவல் வேலை, இரவு பன்னிரண்டு மணி நேரம். அன்றைக்கு அவனுக்கு விடுமுறை. நடுச்சாமத்தில் நெஞ்சை அடைக்கிறது என்று எழுந்து உட்கார்ந்திருக்கிறான். காற்று அடைத்திருக்கும் என்று கோடாலித் தைலம் தேய்த்தார்கள், இஞ்சித் தண்ணீர் வைத்துக் கொடுத்தார்கள். வியர்த்துக் கொட்டியபோது, "பாருங்க, காற்று இறங்குது" என்று சந்தோசப்பட்டார்களாம். விடியற்காலையில் மகன் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கிளம்பினான். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

சங்கத்தின் பணத்துக்கு ஐ.சி. (அடையாள அட்டை) நகல் வேண்டும் அல்லவா? பாரம் நிரப்புவது என் வேலைதானே என்று மறுநாள் அவன் அறையில் மேசை இழுப்பறையைத் திறந்தேன். ஐ.சி. மேலேயே கிடந்தது. அதற்கு அடியில், அரசாங்கக் கிளினிக் கொடுக்கும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகள், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக் கட்டாக. எல்லாம் ரத்தக் கொதிப்பு மாத்திரை. நாளுக்கு ஒன்று என்று மேலே மலாயில் அச்சடித்திருந்தது. சில பைகள் பிரிக்கவே இல்லை. ஒன்றில் மட்டும் நாலைந்து மாத்திரை குறைந்திருந்தது. தம்பி பெண்டாட்டியைப் பார்த்தேன். "தலை சுத்தினாத்தான் போட்டுக்குவாரு அண்ணி. மத்த நேரம் நல்லாத்தானே இருக்கேன்னு சொல்வாரு" என்றாள்.

மாதா மாதம் அந்த வாசலில் நின்றவள் நான். அவன் 5 வெள்ளி (ரிங்கிட்) கொடுப்பான், நான் அட்டையில் கையெழுத்துப் போடுவேன். மழையைப் பற்றிப் பேசுவோம், மீன் விலையைப் பற்றிப் பேசுவோம். ஒரு டம்ளர் தேத்தண்ணீர் குடிப்பேன், இனிப்பாக இருக்கும். பதினான்கு வருசத்தில் ஒரு தடவைகூட, "மாத்திரை போட்டியா, கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தாய்" என்று கேட்டதில்லை. சந்தா கட்டாமல் இரண்டு மாதம் விட்டால் மட்டும் மூன்றாம் மாதம் விடாமல் கேட்பேன்.

தம்பியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, நம் இறப்புப் பதிவேட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினேன். நீங்களும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். காரணம் என்ற கட்டத்தில் என் கையெழுத்திலேயே திரும்பத் திரும்ப மாரடைப்பு, மாரடைப்பு என்று இருக்கிறது. பக்கத்துக் கட்டத்தில் வயது: ஐம்பத்து மூன்று, நாற்பத்தேழு, ஐம்பத்தாறு. இதை நான்தான் எழுதினேன், ஆனால் படித்ததில்லை.

இது நம் தாமானின் கதை மட்டும் இல்லை. நாட்டிலேயே ஆளைக் கொண்டுபோவதில் இதய நோய் முன்வரிசையில் நிற்கிறது. 2022-இல் மருத்துவர் சான்றளித்த இறப்புகளில் 16.1 விழுக்காடு இதயக் குழாய் அடைப்பால் வந்தவை. 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, வயது வந்த மலேசியர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு ரத்தக் கொதிப்பு, 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு), மூன்றில் ஒருவருக்கு ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று சொல்கிறது. அவர்களில் பலருக்குத் தமக்கு இருப்பதே தெரியாது. இந்த ஆய்வுகளில் இனிப்பு நீர் அதிகமாக இருப்பது இந்தியர்களிடம். மகள் இதையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டினாள். இன்னொன்றும் வாசித்தாள். 52 நாடுகளில் நடத்தி 2004-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது, இன்டர்ஹார்ட் என்று பெயர். அதில் தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறதாம். மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. நம் தாத்தா பாட்டி கப்பலேறி வந்தது அந்த மண்ணிலிருந்துதான். ஆறு வருசம் முன்னால் வருகிறது. பேரப்பிள்ளையைத் தூக்க வேண்டிய ஆறு வருசம்.

"எல்லாம் தலையெழுத்து" என்று சாவு வீட்டில் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதே ஆய்வுதான், முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஒன்பது காரணங்களில் அடங்கிவிடுகிறது என்றும் கண்டது. புகை, கெட்ட கொழுப்பு, ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், தொப்பை, மன உளைச்சல், காயும் பழமும் போதாமை, உடம்பு அசையாமை; ஒன்பதாவதாக மதுப் பழக்கத்தையும் கணக்கில் எடுத்தார்கள். இந்த ஒன்பதில் எது நம் வாசலுக்கு வெளியே இருக்கிறது, சொல்லுங்கள்?

சரி, சங்கம் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். நாம் டாக்டர் இல்லை, மிஸ்ஸியும் (நர்ஸும்) இல்லை. ஆனால் எந்த டாக்டருக்கும் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. மாதம் தவறாமல் எல்லா வீட்டு வாசலுக்கும் போகிறோம். கதவைத் திறக்காத வீடு இல்லை. கிளினிக்குக்குப் போக வெட்கப்படுகிறவர், வேலையை விட்டு வர முடியாதவர், "எனக்கு ஒன்றுமில்லை" என்கிறவர், எல்லாரும் 5 வெள்ளியோடு நம் முன்னால் நிற்கிறார்கள்.

அதனால் முதலில் கேட்பது இது: மேல் கையில் கட்டும் மின்னியல் ரத்த அழுத்தக் கருவி, வசூலுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் ஒன்று. ஒரு பெட்டிக்கு நாம் கொடுக்கும் பணத்தில் அப்படிக் கருவிகள் சில வாங்கிவிடலாம். எப்படிப் பார்ப்பது என்று கிளினிக் மிஸ்ஸியிடம் போய்க் கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன். வந்ததும் கட்டக் கூடாது. ஐந்து நிமிடம் நாற்காலியில் முதுகு சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி உட்காரவைக்க வேண்டும். கை மேசை மேல், நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் சிகரெட்டோ காப்பியோ குடித்தவராக இருந்தால் அரை மணி நேரம் கழித்துத்தான். பேசக் கூடாது, இதுதான் நம் ஆட்களுக்குக் கஷ்டம். இரண்டு தடவை பார்த்து எழுத வேண்டும். மேல் எண் 140-ஐயோ கீழ் எண் 90-ஐயோ தொட்டாலோ தாண்டினாலோ, பயமுறுத்தாமல், "இந்த வாரமே கிளினிக் போங்க" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் நம் வேலை. மருந்து சொல்வது நம் வேலை இல்லை.

எண்ணை உறுப்பினரின் அட்டையில், அவர் கையில் இருக்கும் அட்டையில்தான் எழுத வேண்டும், சங்கத்துப் புத்தகத்தில் வேண்டாம். யாருக்கு எவ்வளவு என்று ஒட்டுக்கடையில் பேச்சு வந்தால் அடுத்த மாதம் ஒருவரும் கையை நீட்ட மாட்டார்கள்.

கூடவே ஒரு கேள்வி: "மாத்திரை போடுறீங்களா?" ரத்தக் கொதிப்பு வலிக்காது. தலை சுற்றினால்தான் கொதிப்பு என்று நினைத்துத்தான் என் தம்பி போனான். ஒன்றும் தெரியாமலே வருசக்கணக்கில் அது குழாயைத் தேய்த்துக்கொண்டிருக்கும். சுகமாக இருக்கிற நாளில் போடுகிற மாத்திரைதான் வேலை செய்கிறது. ஒத்துக்கொள்ளவில்லை, கால் வீங்குகிறது, இருமல் வருகிறது என்றால் டாக்டரிடம் சொன்னால் வேறு மாற்றிக் கொடுப்பார். நிறுத்திவிட்டு இழுப்பறையில் வைக்கக் கூடாது.

அடுத்தது சாப்பாடு. இங்கே நாம் நம்மையே பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஆண்டுக் கூட்டத்தில் என்ன போடுகிறோம்? தேங்காய்ப்பால் ஊற்றிய நாசி லெமாக், பொரித்த கோழி, சிராப் பண்டோங். கருமாதி விருந்துக்கு நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, அப்பளம், ஊறுகாய், பாயசம். இதய நோயில் இறந்தவருக்கு அந்தச் சாப்பாட்டைப் படைத்துவிட்டு, அதையே இருக்கிறவர்களுக்கும் பரிமாறுகிறோம். விருந்து கூடாது என்று நான் சொல்லவில்லை. சங்கம் பணம் கொடுக்கும் சாப்பாட்டிலாவது தட்டில் பாதிக்குக் காயும் கீரையும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ கோழியோ இருக்கட்டும். சுகாதார அமைச்சு "சுக்கு சுக்கு செபாரோ" (மலாயில் கால், கால், பாதி) என்று சொல்லிக்கொண்டே இருக்கிறதே, அதுதான். சிவப்பரிசி வாங்கு என்று யாரும் சொல்ல வேண்டாம், விலை எனக்குத் தெரியும். வெள்ளைச் சோற்றையே ஒரு அகப்பை குறைத்துவிட்டுக் கங்கோங்கோ முருங்கைக்கீரையோ வைத்தால் போதும். முருங்கை நம் வேலியிலேயே நிற்கிறது. கெம்போங் மீன் இருக்கும்போது இதயத்துக்கு நல்ல கொழுப்பைத் தேடி மாத்திரைக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பொரிக்காமல் குழம்பு வைத்தால் இன்னும் நல்லது.

எண்ணெயைப் பற்றியும் சொல்கிறேன். நாம் நட்டு, உரம் போட்டு, குலை வெட்டிய செம்பனையின் எண்ணெய்தான் நம் சட்டியில் இருக்கிறது. அதில் ஏறக்குறைய பாதி, குழாயில் அடைப்புக்கு வழி செய்யும் வகைக் கொழுப்பு. அதை விட்டுவிடச் சொன்னால் நடக்காது. 2 வெள்ளி 50 காசுக்கு ஒரு கிலோ பாக்கெட் கிடைக்கும்போது வேறு எதை வாங்குவது? ஆனால் அளந்து ஊற்றலாம். கருத்துப்போன எண்ணெயை டப்பாவில் ஊற்றி வைத்து நான்காம் தடவை வடை சுடுவதை நிறுத்தலாம். எங்கள் வீட்டில் இப்போது எண்ணெய்க்கு ஒரு கரண்டி தனியாகத் தொங்குகிறது.

உப்பு. ஒரு ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நம் நாட்டில் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து அளந்து பார்த்த ஆய்வில் சராசரி 7.9 கிராம் என்று வந்தது. குழம்புக்குப் போடும் உப்பு மட்டும் கணக்கில்லை. கருவாடு, ஊறுகாய், அப்பளம், கிச்சாப், அஜினோமோட்டோ, மேகிப் பொட்டலம், டின் சார்டின் எல்லாம் அதில் சேரும். மேகியைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், மசாலாப் பொட்டலத்தில் பாதியைக் கொட்டிவிடுங்கள். கருவாடு வாரத்தில் ஒரு நாள், ஊறவைத்து நீரைக் கொட்டிவிட்டு. நாக்கு சில வாரத்தில் பழகிவிடும், எனக்குப் பழகியது.

அப்புறம் தேத்தண்ணீர். இது நம் உயிர். மார்க்கெட் பக்கம் ஒட்டுக்கடையில் தேத்தண்ணீர் கலக்குவதைக் கிட்ட நின்று பார்த்தேன். டின்னைச் சாய்க்கிறார்கள், கெட்டியாக, நாடா மாதிரி இறங்குகிறது. ஒரு மேசைக்கரண்டி, இரண்டு, மூன்றாவது பாதி. ஒரு மேசைக்கரண்டியிலேயே இரண்டு தேக்கரண்டிக்கு மேல் சீனி இருக்கிறது. அந்த டின்னின் எழுத்தை மகளை வாசிக்கச் சொன்னேன். பால் என்று நினைத்துப் பிள்ளைக்குக்கூட ஊட்டினோமே, அதில் இருப்பது பெரும்பகுதி சீனி, செம்பனை எண்ணெய், பால் மாவு. இரவு வேலை பார்க்கும் ஜாகாமார் அப்படி நாலைந்து டம்ளர் குடிக்கிறார்கள். என் தம்பியும் குடித்தான். "குராங் மானிஸ்" (இனிப்பு குறைவாக) என்று சொல்ல ஆரம்பியுங்கள். அடுத்து பால் இல்லாத தே ஓ. முடிகிறவர்கள் சீனியும் இல்லாத தே ஓ கோசோங். சாவு வீட்டில் நாம் வைக்கும் பெரிய தேத்தண்ணீர்ப் பானையில் சீனியைக் கொட்டிக் கலக்காமல், பக்கத்தில் தனியாக வையுங்கள், வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும். அரசாங்கமே இனிப்புப் பானத்துக்கு 2019-இல் லிட்டருக்கு 40 காசு வரி போட்டு, இப்போது 90 காசு வரை கொண்டுவந்துவிட்டது. நம் பானைக்கு வரி போட யாரும் வர மாட்டார்கள். நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடப்பதைப் பற்றி எழுதும்போது அம்மா ஞாபகம் வருகிறது. இருட்டோடு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரம் மரமாக நடந்து வெட்டி, திரும்ப நடந்து பால் எடுத்து, காண்டா வாளியைத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு வருவார். அந்த வாழ்க்கை திரும்ப வரவேண்டாம், அதன் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் அம்மாவின் சாப்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அம்மாவின் நடையை மட்டும் விட்டுவிட்டோம். முக்குக் கடைக்கு முட்டை வாங்க மோட்டார் சைக்கிள் எடுக்கிறோம். வாரத்துக்கு 150 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்குகிற அளவுக்கு வேகமான நடை போதும் என்கிறார்கள். நாளுக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள். பெண்களுக்கு ஏன் முடியவில்லை என்று எனக்குத் தெரியும்: நாய், இருட்டு, "இந்த நேரத்தில் எங்கே கிளம்பிட்டா" என்ற பேச்சு. சங்கம் பள்ளி நிர்வாகத்திடம் கேட்டுத் தமிழ்ப்பள்ளித் திடலைச் சாயங்காலம் ஒரு மணி நேரம் வாங்கிக் கொடுத்தால், நான்கு வரிசைப் பெண்களையும் கூட்டி வருவது என் பொறுப்பு. ஆண்களைக் கூட்டி வருவது தலைவர் அண்ணன் பொறுப்பு.

இடுப்பளவையும் பார்க்கலாம். தையல் டேப் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. நம்மைப் போன்ற ஆசிய உடம்புக்கு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. கை கால் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்னால் வந்தால், அது செழிப்பு இல்லை.

சிகரெட்டை விட்டவருக்கு ஒரே வருசத்தில் இதய நோயின் கூடுதல் ஆபத்து பாதியாகக் குறைகிறது. விட உதவுவதற்கு அரசாங்கக் கிளினிக்கிலேயே தனிப் பிரிவு உண்டு. பந்தலுக்குள் சிகரெட் கூடாது என்று இந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள். சாவு வீட்டில் இரவு முழுக்க விழித்திருக்கும் இளைஞர்கள் அங்கேதான் முதல் சிகரெட்டைப் பிடிக்கிறார்கள். பந்தலுக்குப் பின்னால் போகும் போத்தலைப் பற்றியும் உங்களுக்குத் தெரியும், நான் எழுத வேண்டியதில்லை. அதை வாங்கிக் கொடுப்பவரும் சில நேரம் நம்மவர்தான்.

சோதனைக்குக் காசில்லை என்பவர்களுக்கு: 40 வயதும் அதற்கு மேலும் ஆன, அரசாங்க உதவித் தொகை பெறும் குடும்பத்தாருக்கு பெக்கா பி40 திட்டத்தில் ரத்தம், சிறுநீர், பிரஷர் எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள், பதிவு செய்த தனியார் கிளினிக்குகளிலும். அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் 1 வெள்ளி. தகுதி உள்ளவர்கள் யார் யார் என்று பார்த்து, வேன் பிடித்து அழைத்துப் போக, சங்கம் ஒரு நாள் ஒதுக்கட்டும்.

ஒன்றை மட்டும் எல்லா அட்டையின் பின்பக்கத்திலும் அச்சடித்துக் கொடுங்கள். நெஞ்சு அழுத்தம், இடது கை, தாடை அல்லது முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டல். பெண்களுக்கும் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமலும் வரலாம், வெறும் மூச்சு வாங்கலும் அசதியுமாக. காற்று என்று தைலம் தேய்த்துக் காத்திருக்கக் கூடாது, மோட்டார் சைக்கிளில் ஏற்றக் கூடாது. ஆம்புலன்ஸுக்கு 999-ஐக் கூப்பிட வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்து முதல் சில மணி நேரத்தில் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். என் தம்பி உட்கார்ந்திருந்ததே நாலு மணி நேரம்.

இதற்கெல்லாம் சட்டவிதியில் இடமில்லை, சங்கத்தின் நோக்கம் இறுதிச் சடங்கு உதவி மட்டும் என்று செயலாளர் சொல்லக்கூடும். விதியைத் திருத்தக் கூட்டத்துக்கு உரிமை உண்டு. திருத்தும் வரை காத்திருக்க எனக்கு மனமில்லை. என் காசில் ஒரு கருவி வாங்கிவிட்டேன். வரும் ஞாயிறு வசூலுக்கு அதையும் ரசீதுப் புத்தகத்தோடு பையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறேன். முதலில் தம்பி வீடு. அவன் பெண்டாட்டிக்கு 45 வயது, இதுவரை ஒரு தடவைகூடப் பிரஷர் பார்த்ததில்லை. மூத்த மகனுக்கு 22. அவனையும் உட்காரவைப்பேன்.

இப்படிக்கு,
மேல் நான்கு வரிசைகளின் சந்தா வசூலிப்பாளர்